ஒரு தானியம், ஒரு கொடி

பியரைப் பற்றி எம்மவர் குடித்த அளவுக்கு எழுதியதில்லை. ஐரோப்பிய உணவகங்களின் பின்கதவால் உள்ளே போன எங்களில் பலர் இந்த நாடுகளில் முதலில் தொட்ட பொருட்களில் பியர்க் கிளாசும் ஒன்று. குடிப்பதற்கு அல்ல, கழுவுவதற்கு. எந்தக் கிளாசை எந்தத் தட்டில் அடுக்குவது, எண்ணெய்க் கை பட்டால் நுரை ஏன் நிற்காது என்பவற்றையெல்லாம் மொழி தெரிவதற்கு முன்பே தெரிந்துகொண்டோம். ஆனால் அந்தக் கிளாசுக்குள் இருப்பது என்ன, அது எங்கிருந்து வந்தது என்று கேட்க எங்களுக்குப் பல வருடங்கள் எடுத்தன.

இப்போது கேட்பதற்கு ஒரு காரணம் உண்டு. வீட்டில் பியர் காய்ச்சுபவர்கள் மத்தியில் 'ஒற்றை மோல்ட், ஒற்றை ஹொப்' என்றொரு முறை இருக்கிறது. நாலு வகை மோல்ட்டையும் ஐந்து வகை ஹொப்பையும் கலக்காமல், ஒவ்வொன்றில் ஒரேயொரு வகையை எடுத்துக் காய்ச்சுவது. ஒவ்வொன்றினதும் சுவை மறைவில்லாமல் தெரியும், பழகுகிறவனுக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை என்கிறார்கள். இதை ஒரு புதுமை போலப் பேசுவாரும் உளர். ஆனால் இதே முறையில் காய்ச்சப்பட்ட பியர் ஒன்று 1842 இல் பிறந்து, பாதி உலகத்தைப் பிடித்துவிட்டது. அதுதான் பில்சன் பியர். இன்று உலகில் குடிக்கப்படும் பியரில் பெரும்பகுதி அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். ஊரில் நாங்கள் கண்ட லயன் லாகர்கூட அந்தக் குடும்பத்தின் தூரத்து உறவுதான்.

ஒன்றே ஒன்று என்று பெருமையாகச் சொல்லப்படும் இந்தப் பொருளை எத்தனை ஊர்க்காரர் சேர்ந்து செய்தார்கள் என்பதும், பிறகு அவர்களில் எத்தனை பேர் அந்த மண்ணில் இல்லாமற் போனார்கள் என்பதுமே இங்கு எமது அக்கறை.

*

முதலில் பொருட்களைச் சொல்லிவிடுவோம். பார்லியை ஊறவைத்து முளைக்கவிட்டு, முளை நீளுமுன் சூட்டில் உலர்த்தினால் அது மோல்ட். முளைவிடும்போது தானியத்துக்குள் நொதியங்கள் உண்டாகின்றன. மோல்ட்டை உடைத்து ஏறத்தாழ 65 பாகை வெந்நீரில் ஒரு மணித்தியாலம் ஊறவிட்டால், அந்த நொதியங்கள் மாப்பொருளை வெல்லமாக மாற்றிவிடும். வடித்தெடுக்கும் இனிப்புச் சாற்றைக் கொதிக்கவைக்கும்போது ஹொப்பைச் சேர்க்கிறார்கள். ஹொப் ஒரு கொடி. அதில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. பியருக்குப் போவது பெண் கொடியின் கூம்பு போன்ற பச்சைப் பூ. கசப்பும் மணமும் அதிலிருந்து வருகின்றன. கெட்டுப்போகாமல் காப்பதும் அதுதான். ஆறிய சாற்றில் மதுவத்தைப் போட்டால் அது வெல்லத்தைத் தின்று மதுசாரமும் காபனீரொட்சைட்டும் தரும்.

கள்ளோடு வளர்ந்த எங்களுக்கு இது சுற்றுவழி போலத் தோன்றும். பனஞ்சாற்றில் வெல்லம் ஏற்கெனவே இருக்கிறது, மதுவம் முட்டியிலும் காற்றிலும் இருக்கிறது. நொதிக்காமல் தடுத்துக் கருப்பணியாக இறக்குவதற்குத்தான் சுண்ணாம்பு தடவ வேண்டும். தானியத்தில் வெல்லம் இல்லை, அதை உண்டாக்க வேண்டும். பியர் காய்ச்சுபவனின் பாடெல்லாம் அந்த ஒரு வித்தியாசத்தால் வந்தது.

ஜேர்மனியில் பியர் என்றதும் எவரும் சொல்வது 1516 ஆம் ஆண்டின் 'தூய்மைக் கட்டளை'. அந்த வருடம் ஏப்ரல் 23 ஆம் திகதி இங்கொல்ஸ்ரட் நகரில் பவேரியக் கோமகன்கள் நாலாம் வில்ஹெல்மும் பத்தாம் லுட்விக்கும் விடுத்த ஆணை அது. பார்லி, ஹொப், தண்ணீர் தவிர வேறெதுவும் பியரில் சேரக்கூடாது. மதுவத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அப்படியொரு உயிர் இருப்பது அன்று எவருக்கும் தெரியாது. ஆணையின் பெரும்பகுதி தூய்மையைப் பற்றியதும் அல்ல, எந்தக் காலத்தில் என்ன விலைக்கு விற்கவேண்டும் என்பதைப் பற்றியது. கோதுமையைத் தள்ளிவைத்ததில் பாணுக்குத் தானியம் மிஞ்சவேண்டும் என்ற கணக்கும் இருந்ததாகச் சொல்வர். ஆனால் 1548 இல் டேகன்பேர்க் என்ற பிரபு குடும்பத்துக்குக் கோதுமைப் பியர் காய்ச்சும் உரிமை கொடுக்கப்பட்டது. 1602 இல் அந்த வம்சம் அற்றுப்போனதும் அவ்வுரிமையை ஆட்சியாளரே எடுத்துக்கொண்டு இலாபம் பார்த்தனர். 'தூய்மைக் கட்டளை' என்ற பெயரே 1918 இல் பவேரியச் சட்டசபை விவாதமொன்றிலிருந்துதான் கிடைக்கிறது. நானூறு வருடம் பழைய ஆணைக்கு நேற்று வைத்த பெயர். தூய்மை பற்றிய பேச்சுக்கள் அனேகமாக இப்படித்தான், முதலில் விலையும் வரியும் வரும், தூய்மை பின்னால் வரும்.

*

பழைய காலத்துப் பியர் பெரும்பாலும் மண்ணிறமானது. காரணம் எளியது. விறகு எரித்த சூட்டில், அந்தப் புகையிலேயே மோல்ட்டை உலர்த்தினார்கள். ஒரே அடுப்பில் ஒரு பக்கம் கருகும், மறுபக்கம் ஈரம் நிற்கும், எல்லாவற்றிலும் புகைமணம் இருக்கும். இங்கிலாந்தில் 17 ஆம் நூற்றாண்டிலேயே நிலக்கரியைச் சுட்டெடுத்த கோக் கரியால் மோல்ட் உலர்த்தத் தொடங்கினர். புகை குறைந்தது, நிறம் வெளிறியது. பிறகு வெப்பக்காற்றை மட்டும் தானியத்தினூடு செலுத்தும் சூளைகள் வந்தன. தொழிற்புரட்சியின் நாட்டில் பியரும் தொழிற்சாலைக்குப் போயிருந்தது. வெப்பமானி, சாற்றின் அடர்த்தியை அளக்கும் கருவி எல்லாம் அங்கே புழக்கத்தில் இருந்தன.

இதைப் பார்க்க 1833 இல் இரண்டு இளைஞர்கள் அங்கு போனார்கள். ஒருவர் மியூனிச் நகரின் ஸ்பாற்றன் வடிசாலையைச் சேர்ந்த கபிரியேல் செட்ல்மயர், மற்றவர் வியன்னாவுக்கு அருகிலிருந்து வந்த அன்ரன் ட்றேயர். போன இடமெல்லாம் பார்த்தார்கள், கேட்டார்கள். கேட்டுக் கிடைக்காததைத் திருடினார்கள். உள்ளே குழாயாகக் குடைந்து அடியில் அடைப்பு வைத்த கைத்தடி ஒன்றைத் தொட்டிக்குள் விட்டுச் சாற்றை எடுத்து, அறைக்குக் கொண்டுபோய் அளந்து பார்த்தார்கள். செட்ல்மயரின் கடிதங்களிலேயே இந்தக் கதை இருக்கிறது. 1841 இல் ட்றேயர் வியன்னாவில் செம்பொன் நிறப் பியரை இறக்கினார், அதே காலத்தில் செட்ல்மயர் மியூனிச்சில் புதிய முறைகளைப் புகுத்தினார். இன்று இரண்டு பெயரும் பியர் வரலாற்றில் மரியாதைக்குரியவை. இன்னொருவன் தொழிலை ஒளித்துப் பார்த்துக் கற்பது எப்போது களவு, எப்போது கல்வி என்பது போகிறவன் யார் என்பதைப் பொறுத்தது போலும்.

*

இனிப் பில்சன். செக் மொழியில் அது பிள்செஞ். பொஹீமிய மன்னன் இரண்டாம் வென்செஸ்லாஸ் 1295 இல் நிறுவிய நகரம். நகருக்குள் இருந்த 260 வீடுகளுக்குப் பியர் காய்ச்சி விற்கும் உரிமை இருந்ததாக அந்நகர வரலாறு சொல்கிறது. உரிமை ஆளுக்கு அல்ல, வீட்டுக்கு. வீட்டை வாங்கியவன் அந்த உரிமையையும் வாங்கினான். அதாவது இந்தப் பியரின் பூர்வீகமே வீட்டுக் காய்ச்சல்தான். அங்கே பியர் காய்ச்சுவது வீடும் பேரும் உள்ளவனின் கௌரவமாக இருந்தது. எங்கள் ஊரில் மரமேறிக் கள் இறக்கியவனைச் சாதி சொல்லி வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, அவன் இறக்கியதை உள்ளே இருந்து குடித்தோம். மதுவுக்குத் தீட்டு இல்லை, மனிதருக்குத்தான் இருந்தது. ஒரே நொதித்தலுக்கு இரண்டு சமூகங்கள் கொடுத்த இடம் இவ்வளவு வேறானது.

260 வீட்டுக்காரரும் முறைவைத்துக் காய்ச்சிய பியர் எப்போதும் நன்றாக இருந்ததில்லை. 1838 இல் 36 பீப்பாய் பியர் கெட்டுப்போனது என்று நகரமண்டபத்தின் முன்னால் ஊற்றப்பட்ட கதை பிரசித்தமானது. எல்லைக்கு அப்பாலிருந்து வந்த பவேரியப் பியர் அவர்களுடைய வியாபாரத்தைத் தின்றுகொண்டிருந்தது. உரிமை பெற்ற வீட்டுக்காரர் 1839 இல் ஒன்றுசேர்ந்து எல்லாருக்குமாக ஒரே வடிசாலை கட்டுவதென்று முடிவெடுத்தார்கள். மார்ட்டின் ஸ்ரெல்சர் என்ற கட்டடக் கலைஞர் பிற நாட்டு வடிசாலைகளைப் பார்த்துவந்து கட்டினார். காய்ச்சுவதற்குப் பவேரியாவின் வில்ஸ்ஹோபன் என்ற சிற்றூரிலிருந்து ஒருவரைக் கூலிக்கு அழைத்துவந்தார்கள். அவர் பெயர் யோசெப் குறோல். 1813 இல் பிறந்தவர், வந்தபோது வயது இருபத்தொன்பது. பழகுவதற்குக் கரடுமுரடான மனிதர் என்பது அவரைப் பற்றி மிஞ்சியிருக்கும் சேதிகளில் ஒன்று.

குறோல் 1842 ஒக்ரோபர் 5 ஆம் திகதி முதற் காய்ச்சலைக் காய்ச்சினார். நவம்பர் 11, புனித மார்ட்டின் திருநாளன்று அது தவறணைகளில் ஊற்றப்பட்டது. எவரும் எதிர்பாராத பொன்னிறம், மேலே வெண்ணுரை. பவேரியாவில் பழக்கமாக இருந்த கருமண்ணிறப் பியர் அல்ல அது. அதில் இருந்தது இங்கிலாந்து முறைச் சூளையில் உலர்த்திய வெளிறிய பார்லி மோல்ட் ஒன்று, சாட்ஸ் நகரத்து ஹொப் ஒன்று, தண்ணீர், பவேரியாவில் பழகிய கீழ்நொதிக்கும் மதுவம். இவ்வளவுதான். இன்று 'ஒற்றை மோல்ட், ஒற்றை ஹொப்' என்கிறார்களே, அதற்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது.

இந்த எளிமை அந்த இடத்தில் மட்டும் ஏன் கைகூடியது? தண்ணீர். பில்சன் நகரத்துத் தண்ணீரில் கரைந்த உப்புக்கள் மிகக் குறைவு. மியூனிச் தண்ணீரில் காபனேற்று அதிகம். அந்தத் தண்ணீருக்குக் கறுத்த மோல்ட்டின் புளிப்புத்தன்மை ஈடுகொடுக்கும், வெளிறிய மோல்ட்டால் முடியாது. ஹொப்பின் கசப்பும் அந்தத் தண்ணீரில் முரடாகிவிடும். மெல்லிய தண்ணீரில் அதே கசப்பு வழுக்கிக்கொண்டு இறங்கும். கூடவே குறோல் சாற்றின் ஒரு பகுதியைத் தானியத்தோடு எடுத்துக் கொதிக்கவைத்து மறுபடி சேர்க்கும் வேலையை மூன்று தடவை செய்தார். ஒற்றை மோல்ட்டிலிருந்து அவ்வளவு நிறைந்த சுவை வர அதுவும் ஒரு காரணம். பிறகு மணற்கல்லைக் குடைந்த நிலவறைகளில், குளிரில், மாதக்கணக்கில் படுக்கவைத்தார்கள்.

அப்படிப் படுக்கவைப்பதற்குத்தான் லாகர் என்று பெயர். ஜேர்மன் மொழியில் லாகர் என்றால் களஞ்சியம். முகாம் என்றும் பொருள். எங்களில் பலர் இந்த நாட்டில் முதலில் கற்ற சொற்களில் அதுவும் ஒன்று. அகதிமுகாமை எல்லோரும் லாகர் என்றே சொன்னார்கள். பிறகு அதே சொல்லைப் போத்தலில் பார்த்தபோது ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். பியர் முகாமில் கிடந்தால் தெளியும். மனிதருக்கு அப்படி ஒரு உத்தரவாதமும் இல்லை.

குறோலின் ஒப்பந்தம் 1845 இல் முடிந்தது, புதுப்பிக்கப்படவில்லை. அவர் ஊர் திரும்பி, 1887 இல் வில்ஸ்ஹோபனிலேயே இறந்தார். அவர் காய்ச்சிய பியருக்குக் கிடைத்த பேரில் ஒரு துளிகூட அவர் உயிரோடிருந்தபோது அவருக்குக் கிடைக்கவில்லை. சமையலறையில் வேலை செய்பவர்களுக்கு இது விளங்காத கதை அல்ல.

*

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 1861 இலும் 1862 இலும் பில்சனுக்குப் புகையிரதப் பாதை வந்தது, ஒரு பக்கம் பவேரியாவுக்கு, மறுபக்கம் பிராக்குக்கு. மண் குவளையின் இடத்தை மலிவான கண்ணாடிக் கிளாஸ் பிடித்ததால் பியரின் நிறம் கண்ணுக்குத் தெரிந்தது. 1870களில் கார்ல் லிண்டவின் குளிரூட்டும் இயந்திரம் வந்ததும் நிலவறையும் பனிக்கட்டியும் இல்லாத ஊர்களிலும் லாகர் காய்ச்ச முடிந்தது. கோப்பன்ஹேகனில் 1883 இல் எமில் கிறிஸ்ரியன் ஹான்சன் ஒரேயொரு கலத்திலிருந்து தனி மதுவத்தை வளர்த்தெடுத்தார். அந்தக் கார்ல்ஸ்பேர்க் வடிசாலையின் மதுவமும் இரவல்தான். அதன் நிறுவனர் யாக்கொப்சன் 1845 இல் செட்ல்மயரிடம் வாங்கி, குதிரைவண்டி நின்ற இடமெல்லாம் தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்தபடி டென்மார்க்குக்குக் கொண்டுபோனது. கறுத்த பியரில் ஊறிய மியூனிச்சே 1894 இல் பணிந்து வெளிறிய பியரை இறக்கியது. பில்சன்காரர் 1859 இல் தங்கள் பியரின் பெயரைப் பதிந்தும், 19 ஆம் நூற்றாண்டு முடியுமுன் ஜேர்மன் நீதிமன்றமொன்று 'பில்ஸ்னர்' என்பது ஊரைக் குறிக்கும் சொல் அல்ல, வகையைக் குறிக்கும் சொல் என்று தீர்த்துவிட்டது. 1898 இல் அவர்கள் 'மூலஊற்று' என்ற பொருளில் 'உர்குவெல்' என்பதைச் சேர்த்துக்கொண்டார்கள். மூலம் நாங்கள்தான் என்று தனியாக எழுதிக்காட்டும் நிலை வந்துவிட்டது.

மூலம் பற்றி விஞ்ஞானம் சொன்னது அதைவிட வேடிக்கை. லாகர் மதுவம் தனி இனமல்ல, கலப்பு. ஒரு பாதி பாணுக்கும் மேல்நொதிக்கும் பியருக்கும் பயன்படும் பழைய மதுவம். மற்றப் பாதியின் சொந்தக்காரனை 2011 இல்தான் கண்டுபிடித்தார்கள். அது கிடைத்தது பவேரியாவில் அல்ல, ஆர்ஜென்ரீனாவின் பற்றகோனியாக் காடுகளில். பின்னர் திபெத்திலும் அயர்லாந்திலும் அதைக் கண்டார்கள். ஆக, தூய்மையான ஒற்றைப் பியரின் உயிரே ஒரு கலப்புப் பிள்ளை.

*

இதையெல்லாம் வாசித்துக்கொண்டிருந்த ஒரு பனிக்காலத்தில் நாங்கள் மூன்று பேர் காய்ச்சிப் பார்ப்பதென்று தீர்மானித்தோம். ஜேர்மனியில் சொந்தப் பாவனைக்கு வருடத்துக்கு 200 லீற்றர் வரை வரியில்லை என்றிருந்தது, 2024 இலிருந்து 500 லீற்றர். இந்த உரிமையும் எல்லா இடத்திலும் சும்மா இருந்ததல்ல. இங்கிலாந்தில் வீட்டில் காய்ச்சுவதற்கு 1880 இல் கொண்டுவந்த அனுமதிப்பத்திரம் 1963 இல்தான் ஒழிந்தது. அமெரிக்காவில் மதுவிலக்கு 1933 இல் நீங்கியும், வீட்டுப் பியருக்கு மத்திய அரசின் சட்டம் இடம்கொடுத்தது 1978 இல் ஜனாதிபதி கார்ட்டர் ஒப்பமிட்ட பிறகு.

எங்கள் கணக்கு இது. 20 லீற்றருக்கு பில்சன் மோல்ட் நாலரைக் கிலோ, சாட்ஸ் ஹொப் 100 கிராம். வேலை செய்யுமிடத்தில் கழித்துவிட்ட 30 லீற்றர் சூப்புப் பானை. 65 பாகையில் ஒரு மணித்தியாலம் ஊறவைத்து, துணியில் வடித்து, சக்கையைக் கழுவி, சாற்றை ஒன்றரை மணித்தியாலம் மூடாமல் கொதிக்கவைத்தோம். மூடக்கூடாது. வெளிறிய மோல்ட்டில் அவித்த கோவா மணம் தரும் சரக்கு ஒன்று உண்டு, அது ஆவியோடு போகவேண்டும். ஹொப்பில் 60 கிராம் தொடக்கத்தில், மிச்சம் கடைசி அரைமணியில். சாற்றின் அடர்த்தியை அளந்தபோது பன்னிரண்டு பாகை. இந்த அளவுமுறையைப் பிராக் நகரின் கார்ல் பாலிங் 1843 இல், அதாவது பில்சன் பியர் பிறந்த மறுவருடம் வகுத்தார். நிலவறையில் பத்துப் பாகைக் குளிரில் இரண்டு கிழமை நொதித்தது, போத்தலில் ஐந்து கிழமை படுத்தது. சக்கையில் கொஞ்சத்தைக் காயவைத்து ரொட்டி மாவில் குழைத்தோம்.

வந்த பியர் கொஞ்சம் மங்கல், ஆனால் நல்ல கசப்பு. ஒற்றைப் பொருளின் குணம் அப்போதுதான் புரிந்தது. மறைக்க ஒன்றும் இல்லாததால் தண்ணீர் சரியில்லை என்றாலும் தெரியும், சூடு கூடினாலும் தெரியும். மசாலா போட்டு மூடமுடியாத கறி. எங்களுக்கு அதில் முன்னால் நின்றது ஹொப். ஈரமண், புல், லேசான மிளகு என்று ஆளுக்கொன்று சொன்னோம். உணவகத்துக்கு நெடுங்காலமாக வரும் முதிய பெண்மணி ஒருவருக்கு ஒரு போத்தல் கொடுத்தோம். என்ன ஹொப் என்று கேட்டார். சாட்ஸ் என்றோம். "நான் அங்கேதான் பிறந்தேன். நாலு வயதில் முப்பது கிலோவோடு வந்தோம்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. மிச்சத்தை நாங்களாகத் தேடி வாசித்தோம்.

*

சாட்ஸ் என்பது ஜேர்மன் பெயர், செக் மொழியில் ஷாட்டெட்ஸ். பில்சனுக்கு வடக்கே, செம்மண் வயல்கள் நிறைந்த நாடு. ஏழு மீற்றர் உயரத்துக்குக் கம்பி கட்டி ஹொப் கொடியை ஏற்றுவார்கள். ஓகஸ்ட் கடைசியில் பறிப்பு. இயந்திரம் வருமுன் பல்லாயிரம் பேர் கூலிக்கு வந்து பறித்தார்கள். கொடி விதையால் பெருக்கப்படுவதில்லை, வேர்த்துண்டு வெட்டி நடுவார்கள். ஆகவே ஒவ்வொரு சாட்ஸ் கொடியும் இன்னொரு பழைய கொடியின் துண்டு. ஜேர்மனியில் ஸ்பால்ற், ரெற்னாங் என்ற ஊர்ப் பெயர்களால் அறியப்படும் ஹொப்களும் இதே குடும்பம் என்கிறார்கள்.

அந்த ஊரில் வயல் வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் ஜேர்மன் பேசியவர்கள். வியாபாரிகள் பலர் யூதர்கள், அவர்கள் 1870களின் தொடக்கத்தில் கட்டிய பெரிய தொழுகைக் கூடம் இன்றும் நிற்கிறது. பறிக்க வந்தவர்களில் செக்கர் ஏராளம். இத்தனை பேரின் கை பட்டதுதான் அந்த ஒற்றை ஹொப்.

1938 செப்டெம்பர் கடைசியில் மியூனிச் ஒப்பந்தம் எல்லைப்புறத்தை ஹிற்லருக்குக் கொடுத்தது. சாட்ஸ் ஜேர்மனிக்குப் போனது, பில்சன் நகரம் இந்தப் பக்கத்தில் நின்றது. பியருக்கும் அதன் ஹொப்புக்கும் நடுவில் ஒரு எல்லை விழுந்தது. யூதர்கள் ஓடினார்கள். ஓட முடியாத பொஹீமிய யூதர்கள் பின்னர் டெரேசின் வழியாகக் கொலைமுகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். 1939 மார்ச்சில் மிச்ச நாடும் பிடிபட்டது. அவ்வருடம் நவம்பர் 17 அன்று செக் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. படிப்பைப் பாதியில் விட்டு வந்தவர்களுக்கு இந்த வரியைத் தாண்டிப்போக முடியவில்லை. 1942 இல் லிடிட்சே என்ற கிராமமே அழிக்கப்பட்டது. இதையெல்லாம் விட்டுவிட்டு 1945 இல் நடந்ததை மட்டும் சொன்னால் அது பொய். 1945 இல் நடந்ததைச் சொல்லாமல் விட்டாலும் அது பொய்தான்.

1945 ஜூன் தொடக்கத்தில் சாட்ஸ் நகரத்து ஜேர்மன் ஆண்கள் ஆயிரக்கணக்கில் பக்கத்து ஊரான பொஸ்தொலொப்ர்ட்டிக்கு நடத்திச் செல்லப்பட்டார்கள். செக்கோஸ்லொவாக்கிய இராணுவத்தினர் அங்கே பலரைச் சுட்டுக் கொன்றார்கள். 1947 இல் புதைகுழிகளைத் தோண்டியபோது 763 உடல்கள் எடுக்கப்பட்டன. அங்கு ஒரு நினைவுப் பலகை வைக்க 2010 வரை சென்றது. அந்தக் காலத்தில் செக்கோஸ்லொவாக்கியாவிலிருந்து வெளியேற்றப்பட்ட ஜேர்மனியர் ஏறத்தாழ 30 இலட்சம். தலைக்கு 30 முதல் 50 கிலோ பொதி. வந்தவர்கள் இங்கே வருடக்கணக்கில் இருந்த இடத்தின் பெயரும் லாகர்தான்.

அந்தக் கிலோக் கணக்கை வாசிக்கும்போது எங்களுக்கு வேறொரு கணக்கும் ஞாபகம் வந்தது. 1990 ஒக்ரோபரில் எங்கள் பெயரால் யாழ்ப்பாணத்திலிருந்து முஸ்லிம் மக்கள் விரட்டப்பட்டபோது, அவர்கள் எடுத்துப்போக விடப்பட்டது சில நூறு ரூபாய்களே. எங்கள் அகதிக் கதையைச் சொல்லும் எவரும் இதையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஒரு மண்ணில் ஒரு சனம் மட்டும் என்ற கணக்கு எந்த மொழியில் எழுதப்பட்டாலும் முடிவில் வருவது பொதியின் நிறைதான்.

வெறுமையான சாட்ஸ் வயல்களுக்கு யார் வந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். வந்தவர்களில் வோல்ஹினியச் செக்கர் ஒரு முக்கிய பகுதி. அவர்களுடைய பாட்டன்மார் 1860களிலும் 70களிலும் நிலம் தேடி அன்றைய ருஷ்யப் பேரரசுக்கு, இன்றைய உக்ரேனின் வடமேற்குக்குப் போனவர்கள். போன இடத்திலும் ஹொப் வளர்த்தார்கள். 1945 இல் சிப்பாய்களாகவும் 1947 இல் குடும்பங்களாகவும் திரும்பியபோது அவர்களுக்குக் கிடைத்தது வெளியேற்றப்பட்டவர்களின் வீடுகளும் வயல்களும். ஒரு அகதியின் வீட்டுக்குள் இன்னொரு அகதி. கொடி மட்டும் நின்ற இடத்தில் நின்றது. 1927 இலிருந்து கரேல் ஒஸ்வால்ட் என்ற அறிஞர் தெரிந்தெடுத்து வளர்த்த கொடிகளே இன்றைய சாட்ஸ் ஹொப்பின் அடி. 2023 இல் யுனெஸ்கோ ஷாட்டெட்ஸ் நகரையும் ஹொப் வயல்களையும் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. பில்சன் வடிசாலை 1946 இல் அரசுடைமையாகி, பின்னர் தனியார்மயமாகி, 1999 இல் தென்னாபிரிக்க நிறுவனத்திடமும் 2017 இல் யப்பானிய நிறுவனத்திடமும் போய்ச் சேர்ந்தது.

சுருக்கிச் சொன்னால், ஆங்கிலேயனின் சூளை, பவேரியக் கூலிக்காரனின் கை, பொஹீமியத் தண்ணீர், ஜேர்மன் விவசாயியின் கொடி, யூத வியாபாரியின் தராசு, செக் பெண்களின் பறிப்பு, எங்கிருந்தோ வந்த மதுவம். ஒற்றை மோல்ட்டும் ஒற்றை ஹொப்பும் சமையற்குறிப்பில் நல்ல விசயம்தான், சுவையைத் தெளிவாக்குகிறது. அதே கணக்கைச் சனங்களின் மேல் போட்டவர்கள், தங்கள் பெருமைக்குரிய பொருளைச் செய்த கைகளையே வெட்டினார்கள். உணவகத்தில் இப்போதும் பில்ஸ் கேட்பவர்களே அதிகம். அதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. கேட்டால் சொல்வதற்கு எங்களிடம் கொஞ்சம் இருக்கிறது.